ஒத்துழைக்கவில்லை என்று நான் எழுதிய கோவை

“கண்ணீர் துடைக்கிறதுக்கும் ஒரு டொக்டர் பட்டம் இருக்கோ, பிள்ளை?”

என் பெரியப்பா இதைக் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம். அவரும் என் அப்பாவும் வெள்ளவத்தையில் ஒரு விறகுகாலையில் விறகு பிளந்து, வண்டிலில் ஏற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டவர்கள். படித்தால் ஆசிரியையாகலாம், தாதியாகலாம் என்பது அவருக்குத் தெரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பிய விவரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சமூகப் பணியில் கலாநிதிப் பட்டம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மாதான் பதில் சொன்னார். “இருந்தா அதையும் எடுக்கட்டுமன். உங்களுக்கென்ன பாரம்?”

என் குடும்பத்தில் முதன்முதலாகப் பேனாவால் கையெழுத்து வைத்தவள் நான். அதைச் சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை. கொழும்பிலே லண்டன் பட்டப் பரீட்சை எழுதினேன். பம்பாயில் இரண்டு ஆண்டுகள் சமூகப் பணி படித்தேன். திரும்பி வந்து ஒரு நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். நோயாளியின் வீட்டு நிலையை விசாரித்து, மருந்தோடு வேறென்ன உதவி வேண்டுமோ அதை ஒழுங்கு செய்வது எங்கள் பகுதியின் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் அதிலிருந்து விலகிவிட்டேன். முப்பது வயதில் இளைப்பாறியவள் என்று என்னைப் பகிடி பண்ணிய இரு இளம் பணியாளர்கள், கலாநிதிப் படிப்புக்கு என்னென்ன வேண்டும், எத்தனை படிகள், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். படிகளை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். முதற்படி என்னிடம் கேட்டது வேறு. அதைத்தான் இங்கே நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் படிகள். பட்டமும் பட்டத்துக்கு மேற்பட்ட தொழிற்பயிற்சியும் இருக்க வேண்டும். மேலதிகாரி ஒருவரின் கீழ் சில ஆண்டுகள் களத்தில் வேலை செய்திருக்க வேண்டும். அங்கே போனபின் இரண்டு ஆண்டுகள் வகுப்புகள். அவற்றில் புள்ளிவிபரவியலுக்குத் தப்ப முடியாது. ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியில் ஆராய்ச்சி நூல் வாசிக்கத் தெரியும் என்று பரீட்சை எழுதிக் காட்ட வேண்டும். தமிழும் சிங்களமும் செல்லாது. பிரெஞ்சு அல்லது ஜெர்மன். சிங்களத்தில் சண்டை பிடித்து ஒரு நோயாளிக்குக் கட்டில் வாங்கித் தரத் தெரிந்த நான், இப்போது கொட்டாஞ்சேனை மடத்தில் ஒரு வயதான கன்னியாஸ்திரியிடம் பிரெஞ்சு வினைச்சொற்களைப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன். வகுப்புகள் முடிந்தபின் பொதுப் பரீட்சை, எழுத்தில் ஒன்று, வாய்மொழியாக ஒன்று. அதில் தேறினால் ஆய்வுத் திட்டத்தை ஐந்து பேராசிரியர்கள் முன் வைக்க வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் மூன்றாம் ஆண்டில் கள ஆய்வு. பிறகு ஆய்வேடு. கடைசியில் அதே ஐவர் முன்னால் நின்று, எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியது ஒன்று: விண்ணப்பிப்பவரே நடத்திய ஒரு நோயாளியின் முழுக் கோவை, அதாவது அவரைப் பற்றிய விசாரணைத் தாள்கள் எல்லாம் சேர்ந்த கட்டு. பெயர்களை மாற்றலாம். வேறு எதையும் மாற்றக் கூடாது.

கோவை எழுத எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் பகுதித் தலைவி மிஸ் பெல்லாமி. உயரமான ஆங்கிலேயப் பெண். நின்றபடியேதான் வாசிப்பார். இடது பக்கத்தில் நோயாளி சொன்னதை அவர் சொன்ன தமிழிலோ சிங்களத்திலோ அப்படியே எழுத வேண்டும்; வலது பக்கத்தில் ஆங்கிலம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கோவையில் ‘பரிதாபமான நிலை’ என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சிலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“இது யார் சொன்னது? அந்த மனுசியா, நீரா?”

“நான்தான், மிஸ்.”

“அப்படியானால் நீர் என்ன பார்த்தீர்? அதை எழுதும்.”

பார்த்தது ஒற்றைப் பாயில் ஐந்து பேர். அதை எழுதினேன். ‘பரிதாபம்’ தானாக வெளியே போய்விட்டது. இன்னொரு கட்டளையும் அவரிடம் இருந்தது: கோவையில் எதையும் அழிக்கக் கூடாது. பிழை என்றால் அதன் கீழே திருத்தத்தை எழுதித் திகதி போட வேண்டும். குரலை உயர்த்தி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. கோவையை எங்களிடம் திருப்பித் தரும்போது இரண்டு கைகளாலும் தருவார், உள்ளே ஆள் இருப்பது போல.

பிலோமினா என்று நான் இங்கே பெயர் மாற்றிச் சொல்பவரின் கோவை என்னிடம் வந்தது உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம். கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஒரு தோட்டத்தில் அவர் ஓர் அறையில் இருந்தார். அந்தத் தோட்டத்தில் மரம் எதுவும் கிடையாது. இரண்டு வரிசை அறைகளும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப்பும்தான். கணவர் இறந்துவிட்டார். மகள் றீற்றாவுக்குப் பன்னிரண்டு வயது. பிலோமினா விடியற்காலையில் வாசலில் அப்பம் சுட்டு விற்றார். துறைமுகத்துக்குப் போகிறவர்கள் நின்ற நிலையில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவருக்கு இடது சுவாசப்பையில் சயரோகம். நெஞ்சுக் கூட்டுக்குள் ஊசியால் காற்றேற்றி, நோயுள்ள சுவாசப்பையை மடங்கவைத்து ஓய்வு கொடுப்பதுதான் அப்போதைய சிகிச்சை. ஏற்றிய காற்று சில நாட்களில் கரைந்துவிடும். ஆகவே கிழமைக்கொரு தடவை வந்து மீண்டும் ஏற்ற வேண்டும். நாள் தவறினால் சுவாசப்பை விரிந்து நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிறகு காற்றுக்கு இடமில்லை. இதை நான் அவருக்குப் பலமுறை விளங்கப்படுத்தியிருந்தேன். தாதிமாரை அழைப்பது போல என்னையும் ‘மிஸி’ என்றுதான் அழைப்பார். “விளங்குது மிஸி. பலூனுக்குக் காத்தடிக்கிற மாதிரி” என்பார். ஐந்து மாதம் ஒரு நாளும் தவறவில்லை. சளியில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது.

பிறகு ஒரு கிழமை அவர் வரவில்லை.

வராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது என் வேலை. அச்சடித்த தபால் அட்டை எங்களிடம் கட்டுக் கட்டாக இருந்தது. ‘நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையம்’ என்று மேலே தடித்த எழுத்து. கீழே பெயரை எழுதி, வர வேண்டிய நாளை நிரப்பினால் போதும். அன்றே ஒன்றை அனுப்பினேன். மறு கிழமை இரண்டாவது, அதற்கடுத்த கிழமை மூன்றாவது. பதில் இல்லை. கோவையின் கடைசித் தாளில் மூன்று சொற்கள் அச்சிடப்பட்டிருக்கும்: குணமடைந்தார், இறந்தார், ஒத்துழைக்கவில்லை. மூன்றாவது சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, சுருக்கக் கையெழுத்து வைத்து, மிஸ் பெல்லாமியின் மேசையில் வைத்தேன். அன்று முடித்த நான்கு கோவைகளில் அதுவும் ஒன்று. வேலையை நிலுவை வைக்காதவள் என்று எனக்குப் பெயர் இருந்தது.

மாலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். கடைசித் தாளைப் பார்க்கவில்லை. முதற்தாளைத் திறந்து வைத்திருந்தார்.

“மூன்று அட்டை அனுப்பினீரா?”

“ஓம், மிஸ்.”

“இங்கே எழுத்தறிவு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?”

என் கையெழுத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

“அப்படியானால் அந்த மூன்று அட்டையையும் யார் வாசித்தது?”

பதில் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் அம்மா அதை எடுத்துக்கொண்டு மூன்று வீடு தள்ளிப் போவார். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் எழுந்து வந்து கேட்பார்கள். எழுத்துத் தெரியாத வீட்டுக்கு வரும் கடிதம் ஊருக்கு அடிக்கும் பறை. கொழும்பில் படித்த வேறெந்தப் பெண்ணுக்கும் அது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. படித்து முடித்த பெருமையில் அதை மறந்திருந்தேன்.

மறுநாள் காலை ரயிலில் கோட்டைக்கு வந்து, ட்ராமில் கொஞ்சத் தூரமும் மீதியை நடையாகவும் போய்த் தோட்டத்தை அடைந்தேன். பிலோமினாவின் அறையில் வேறு குடும்பம் இருந்தது. பைப்படியில் ஒரு முதியவர் எனக்காகக் கதிரையைத் துடைத்துப் போட்டார். சூசை மாமா என்று தோட்டம் முழுக்க அழைக்கும் அவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். தோட்டத்துக்கு வரும் கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசிப்பார்.

“கிளினிக்கில இருந்தோ மகள்? மூண்டு போஸ்காட்டையும் நான்தான் வாசிச்சனான். ஒரு சொல்லும் விடேல்லை.”

“எங்க வச்சு வாசிச்சீங்க, மாமா?”

“இந்தப் பைப்படியிலதான். அவ உள்ளுக்க மாக் கரைச்சுக்கொண்டு நிண்டவ. கேக்கவேணுமெண்டு உரத்து வாசிச்சன். என்ட தொண்டை உங்களுக்குத் தெரியாது. கோயில்ல வாசகம் வாசிச்சா மைக் தேவையில்லை எண்டு பங்குச் சுவாமியே சொல்லுவார்.”

வாளியோடு நின்ற ஒரு பெண் இடையில் புகுந்தாள். “அந்தத் தொண்டையாலதான் அவட சட்டி கவுண்டது. பெருமை பேசுறார்.”

சூசை மாமா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “போஸ்காட்டில இருந்ததைத்தானே வாசிச்சன், மகள்? நானா எழுதினன்?”

அவர் எழுதவில்லை. நான் எழுதினேன்.

முதல் அட்டை வாசித்த மறுநாள் அப்பம் வாங்க ஒருவரும் வரவில்லை. இரண்டாவது அட்டைக்குப் பிறகு, எல்லாரும் தண்ணீர் பிடித்து முடித்தபின்தான் பைப்பைத் தொட வேண்டும் என்று சொன்னார்கள். மூன்றாவதுக்குப் பிறகு அறையின் சொந்தக்காரர் வந்து வெளியேறச் சொன்னார். பிலோமினா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் யுத்தம் முடிந்தும் அரிசி கூப்பனில்தான் கிடைத்தது. எங்கே குடியேறினாலும் கூப்பனை அந்த இடத்துக் கடைக்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் கூப்பன் கந்தோர்களில் நின்று, மாளிகாவத்தையில் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்னறையில் அவரைக் கண்டுபிடித்தேன்.

பிலோமினா மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“அண்டைக்கு ஏன் வரேல்ல?” என்று கேட்டேன்.

“புள்ளைக்குக் காய்ச்சல் மிஸி. அடுத்த கிழமை வந்திருப்பன். அதுக்குள்ள உங்கட போஸ்காட்டு வந்திட்டுது.” இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: “காத்து ஏத்தினதும் நீங்க. இறக்கினதும் நீங்க.”

அன்று அவரைக் கையோடு அழைத்து வந்தேன். சிகிச்சை அறைக்குள் நான் வழக்கமாகப் போவதில்லை. அன்று அவர் என் கையை விடவில்லை. வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்தார்கள். டொக்டர் விலா எலும்புகளுக்கிடையே விரலால் தடவி, இடம் பார்த்து ஊசியை இறக்கினார். ஊசியோடு இணைந்த கண்ணாடிக் குழாயில் நிறத் தண்ணீர் நிற்கும். ஊசி சரியான வெளிக்குள் போனால், நோயாளியின் மூச்சோடு அந்தத் தண்ணீரும் ஏறி இறங்கும். அது அசையும்வரை யாரும் கதைப்பதில்லை.

தண்ணீர் அசையவில்லை. ஊசியை எடுத்து, ஒரு விலா கீழே இறக்கிப் பார்த்தார். அசையவில்லை. மூன்றாவது இடம். பிலோமினா குழாயைப் பார்த்தபடியே இருந்தார். ஐந்து மாதம் அது ஏறி இறங்குவதைப் பார்த்தவர். டொக்டர் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்:

“ஒட்டிட்டுது, என்ன?”

டொக்டர் தலையசைத்தார். இனி அந்தச் சிகிச்சை இல்லை. நகருக்கு வெளியே சயரோக ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கட்டில் கிடைக்க ஏழு கிழமை ஆனது. றீற்றாவைக் கொட்டாஞ்சேனை மடத்து விடுதியில் சேர்த்தேன். அச்சடித்த அட்டைகளை மிஸ் பெல்லாமி எங்கள் முன்னாலேயே எரிக்கச் சொன்னார். அதன்பின் வராதவர் வீட்டுக்கு ஆள்தான் போனது. இவ்வளவும் நடந்தது, நடந்ததால் அந்தச் சுவாசப்பை இனி மடங்கப்போவதில்லை.

அந்த நாட்களில்தான் விண்ணப்பத்துக்குக் கோவை தெரிவு செய்ய வேண்டியிருந்தது. என்னிடம் நல்ல கோவைகள் இருந்தன. நோயாளி குணமாகி, மீண்டும் வேலைக்குப் போய், குடும்பம் ஒன்றாகிய கோவைகள். அவற்றில் ஒன்றை எடுத்துப் பிரதிபண்ணத் தொடங்கினேன். நாலாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. ஆராய வேண்டிய கேள்வி எது என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. என்னிடம் அப்போது ஒரே கேள்விதான் இருந்தது: ஒத்துழைக்கவில்லை என்று நாங்கள் எழுதியவர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது? அந்தக் கேள்வி பிலோமினாவின் கோவையிலிருந்து வந்தது. வேறொரு கோவையை அனுப்பிவிட்டு அதைக் கேட்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போக முதல்நாள் மாளிகாவத்தைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, கோவை முழுவதையும் தமிழில் அவருக்கு மெல்ல வாசித்தேன். அனுப்பலாமா என்று கேட்டேன். கடைசித் தாள்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒத்துழைக்கேல்ல எண்டு யார் எழுதினது?”

“நான்.”

“அதில அப்படி இல்லையே. ‘பணியாளர்’ எண்டுதானே நெடுகலும் வாசிக்கிறீங்க. அது யாரு?”

“அப்படித்தான் எழுத வேணும், அக்கா. அது முறை.”

“அனுப்புங்க மிஸி. என்ட பேர் வேணாம். புள்ளை நாளைக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும். ஆனா உங்கட பேரப் போடுங்க.”

மிஸ் பெல்லாமியிடம் சொன்னேன். அவர் கடைசித் தாளைத் திறந்து என் பக்கம் திருப்பிவைத்தார். வட்டத்தின் கீழே எழுதினேன்: ‘இது தவறு. வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு, நோயின் பெயர் தெரியும் திறந்த அட்டையை மூன்று முறை அனுப்பியவள் நான். இராசம்மா சின்னத்தம்பி.’ திகதி போட்டேன்.

சம்பளமில்லாத படிப்பு விடுமுறைக்கும் நற்சான்றுக்கும் நிர்வாக சபையின் சம்மதம் வேண்டும். சபைத் தலைவர் நல்லவர். இதைக் கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

“மிஸ் சின்னத்தம்பி, இந்தக் கடைசித் தாள் இல்லாமலும் கோவை முழுமைதானே? வெளிநாட்டுக்குப் போகிற காகிதம். எங்கள் நிலையத்தின் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கொண்டுவாரும், விடுமுறையில் இன்றைக்கே ஒப்பமிடுகிறேன்.”

விடுமுறை கிடைத்தால் திரும்பி வர ஓர் இடம் இருக்கும். அந்த வேலையை நம்பித்தான் அப்பா விறகுகாலையை விட்டிருந்தார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். வீட்டில் சொன்னபோது அப்பா அதிகம் கேட்கவில்லை. “அந்தத் தாளில இருக்கிறது உண்மையோ?” என்றார். ஓம் என்றேன். “அப்ப நான் நாளைக்கு விறகுகாலைக்குப் போய்க் கேக்கிறன், கோடாலி பிடிக்கிற ஆள் தேவையோ எண்டு” என்றார்.

மறுநாள் பிலோமினாவின் பெயரோடு நிலையத்தின் பெயரையும் மாற்றினேன். விதிப்படி அதை மாற்றலாம். தாளை எடுக்கவில்லை. விடுமுறை மறுக்கப்பட்டது. வேலையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன். சபையின் நற்சான்றும் இல்லாமற் போயிற்று. மிஸ் பெல்லாமி தன் சொந்தப் பெயரில் ஒன்று எழுதித் தந்தார். இரண்டே வரி. அதில் ஒன்று: ‘இவர் தான் எழுதுவதற்குக் கீழே தன் பெயரை எழுதுவார்.’

பல்கலைக்கழகத்தின் பதில் நான்கு மாதத்தில் வந்தது. இடமும் உதவித்தொகையும் தந்திருந்தார்கள். கோவை பற்றி ஒரு வரி இருந்தது: பணியாளரை ‘நான்’ என்று தன்மையில் எழுதுவது எங்கள் வழக்கம் அல்ல, இதைப் பற்றி நேரில் பேசுவோம். பேசுவோம். எனக்கும் பேச இருக்கிறது.

பிலோமினா இன்னும் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். வலது சுவாசப்பை இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு றீற்றாவை அழைத்துப் போகிறேன். நான் போனபின் இளம் பணியாளர் ஒருத்தி அழைத்துப் போக ஒப்புக்கொண்டிருக்கிறாள். போன முறை பிலோமினா என்னிடம் சொன்னது, “அமெரிக்காவில அப்பம் இருக்காது மிஸி, சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?” என்பதுதான். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டு அவருக்கு இன்னுமொரு வேலை கொடுக்கக் கூடாது.

மிஸ் பெல்லாமியின் அலுமாரியில் மேல்தட்டு முழுவதும், ‘ஒத்துழைக்கவில்லை’ என்று வட்டமிட்டு முடித்த கோவைகள் இருக்கின்றன. பல என் கையெழுத்து. அவர் அனுமதியோடு அவற்றின் விலாசங்களைக் கொப்பியில் எடுத்துக்கொண்டேன். என் கப்பல் புறப்பட இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. பாடத்திட்டப்படி கள ஆய்வு மூன்றாம் ஆண்டில்தான். நான் சென்ற செவ்வாய்க்கிழமை இரத்மலானைக்குப் போய் முதற்கதவைத் தட்டிவிட்டேன்.